நெல் காய்ந்த றோட்டில் சகலனின் கார்

எண்பதாம் ஆண்டாக இருக்கலாம், அல்லது அதற்கு அடுத்த ஆண்டு. நோன்புப் பெருநாள் அந்த முறை சரியாகச் சிறுபோக நெல் வெட்டு நேரத்தில் வந்தது. கல்முனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் போகும் வயல் றோட்டில் நடந்த கதை இது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் வாடகைக்கு ஓடும் பழைய மொரிஸ் மைனர் ஒன்று, ஹயர் கார், இருந்தது. வயிறு நிறையப் பொறாமையும் இருந்தது.

யார் மேல் பொறாமை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சகலன் மேல்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எங்கள் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஆகவே ஒரே வளவுக்குள் முன்வீட்டில் நானும் பின்வீட்டில் அவரும். ஒரே கிணறு, ஒரே கேற். இரண்டு பேருக்கும் ஒரே தொழில், ஹயர் ஓடுவது. போதாக்குறைக்கு இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிக் கார். நிறம்கூட ஒன்றுதான், சாம்பல். ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் வாங்கினோம். மூத்தவன் என்ற முறையில் முதலில் தெரிவு செய்தது நான். இரண்டையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, நல்லது என்று பட்டதை நான் எடுத்தேன். மிஞ்சியதை அவர் எடுத்தார்.

ஆறு மாதத்துக்குள் எனக்கு உறுதியாகிவிட்டது, நான் ஏமாந்து போனேன் என்று. காலையில் அவருடைய கார் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகிவிடும். என்னுடையதை என் மனைவியும் பிள்ளைகளும் கேற் வரைக்கும் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கச்சி இந்நேரம் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பாள் என்று சொல்வாள். அவள் அதைச் சும்மா சொன்னாள். எனக்கு அது நாள் முழுக்கக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஸ்டாண்டிலும் அதே கதைதான். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் நேரே அவரிடம் போவார்கள். மாமாவும் விடிந்தால் பொழுதுபட்டால் சின்ன மருமகனின் கார்ப் பாய்ச்சலைப் பற்றித்தான் கதைப்பார். மாமி மீன் ஆணம் வைத்தால் தலைத்துண்டு எந்தக் கோப்பையில் விழுகிறது என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒரு நாள் அது எனக்கு விழுந்தது. அன்றைக்கு அவர் இறக்காமத்துக்கு ஹயர் போயிருந்தார்.

அவர் பெரிய ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கார் வேறு, காலம் வேறு என்று மனதைத் தேற்றியிருக்கலாம். அதே காரை வைத்துக்கொண்டு ஒருவர் முந்திப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பெருநாளுக்கு முன்னரே மாமாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை நிந்தவூர். மாப்பிள்ளையைப் போய்க் கூட்டி வருவது பெண்ணுடைய சகோதரனின் உரிமை. மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அப்படியானால் அந்த உரிமை மூத்த மருமகனுக்கு, அதாவது எனக்கு. ஊர் பார்க்க, மாப்பிள்ளையை என் காரில் ஏற்றிக் கொண்டுவந்து மாமாவின் வாசலில் இறக்க வேண்டும். அந்த வீட்டில் நான்தான் மூத்தவன் என்று நாலு பேருக்குத் தெரிய எனக்கு வேறு வழி எதுவும் இருக்கவில்லை. நான் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாமா யோசித்தார். என் கார் வழியில் நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறார். மாமி என் மனைவியிடம் சொல்ல, என் மனைவி என்னிடம் சொன்னாள். அன்று இரவு சோற்றுக் கோப்பையை அப்படியே தள்ளி வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகம் பெருநாள் விளையாட்டில் ஒரு புதுமை செய்தது. வழக்கமாகச் சைக்கிள் ஓட்டம், மாட்டுவண்டி ஓட்டம், கயிறிழுத்தல் இவைதான் இருக்கும். அந்த முறை கப்பலில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒருவர் கார் ஓட்டம் வைப்போம் என்றார். வெளிநாட்டில் ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். ஊரைச் சுற்றி ஓடுவது கிடையாதாம். நேர் றோட்டில் கால் மைல் மட்டும். கார் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஓடி முடிந்ததும் ஒவ்வொரு சாரதியின் கையிலும் ஒரு துண்டு கொடுப்பார்களாம். முதல் கம்பத்துக்கு எத்தனை செக்கன், நடுக்கம்பத்துக்கு எத்தனை, கடைசிக்கு எத்தனை என்று அதில் எழுதியிருக்குமாம். அங்கே மின்சார விளக்கு வைத்து அளக்கிறார்கள். இங்கே பாடசாலை விளையாட்டு மாஸ்டரிடம் மூன்று ஸ்டொப் வாட்ச் இரவல் வாங்கி மூன்று கம்பத்தடியிலும் மூன்று பேரை நிறுத்தினால் போதும் என்று கப்பல்காரர் சொன்னார்.

மாமாவுக்கு இது தேன் குடித்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மாமி, என் மனைவி, அவள் தங்கை எல்லோரும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“ஓட்டத்துல எந்தக் கார் முந்துதோ, அந்தக் கார்லதான் மாப்புள்ள வாற. மறுகா ஒருத்தரும் என்னோட கோவிக்கப்படா.”

நான் ஓம் என்றேன். சகலனும் ஓம் என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் முதல் ஓட்டம். அது வெள்ளோட்டம் மாதிரி. அடுத்த வெள்ளிக்கிழமைதான் முடிவான ஓட்டம் என்று கழகத்தார் சொல்லியிருந்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாக ஓட வேண்டும். சோடியாக ஓடவிட்டால் எவனாவது வயலுக்குள் இறங்கிவிடுவான் என்று பயம். றோட்டின் இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த வயல். வெட்டிய நெல்லையெல்லாம் அந்தத் தார் றோட்டில்தான் பரப்பிக் காயவைப்பார்கள். பெருநாளுக்காக அள்ளிக் குவித்திருந்தாலும் தும்பும் பதரும் நெல்மணியும் றோட்டில் அப்படியே கிடந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நான் செய்த ஆயத்தத்தைச் சொல்ல வேண்டும். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பின் சீற்றைக் கழற்றினேன். டிக்கிக்குள் இருந்த ஸ்பெயார் வீல், காரைத் தூக்கும் ஜக்கு, தண்ணீர் கான் எல்லாவற்றையும் இறக்கினேன். டயர்களுக்குக் காற்றைக் கல் மாதிரி அடித்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, கதவையும் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லையா என்று கேட்டாள்.

வெள்ளைத் துணி விழுந்ததும் அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக் கிளச்சைச் சட்டென்று விட்டேன். எஞ்சின் அலறிய அலறலில் எனக்கே சந்தோஷம். பின்னால் புழுதியும் பதரும் பறந்தன. சனம் கூவியது. அவர்கள் கூவியதைக் கேட்டு நான் பாய்கிறேன் என்று நினைத்தேன். எல்லாக் கார்களும் ஓடி முடிந்த பிறகு, பழைய கலண்டர்த் தாளில் எழுதிய துண்டைக் கப்பல்காரர் கையில் தந்தார். கடைசி எண்ணைத்தான் பார்த்தேன். எனக்கு இருபத்தெட்டு. சகலனுக்கு இருபத்தேழு. ஒரு செக்கன்! மனிதன் கண்ணை மூடித் திறக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் மாப்பிள்ளை என் காரிலிருந்து இறங்கி அவர் காரில் ஏறிவிட்டார்.

அன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு சகலன் என் வீட்டுக்கு வந்தார். கையில் அவருடைய துண்டு. என் துண்டையும் கேட்டு வாங்கினார். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு துண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லாம்பை அருகில் இழுத்துக்கொண்டு அவர் கதைக்கத் தொடங்கினார். அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“காக்கா, கோவிக்காமக் கேளுங்க. கடைசி நம்பர மட்டும் பாக்காதீங்க. மொதக் கம்பத்துக்கு எனக்கு அஞ்சு, ஒங்களுக்கு ஏழு. அதுலயே ரெண்டு செக்கன் போயிட்டு. மறுகா அங்கயிருந்து கடைசி வரைக்கும் கணக்குப் பாத்தா, எனக்கு இருவத்திரண்டு, ஒங்களுக்கு இருவத்தொண்டு. ஓடக்குள்ள ஒங்கட காருதான் முந்தி வந்திரிக்கி.”

நான் கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதற்காக இந்த மனிதர் வந்து இதை எனக்குச் சொல்ல வேண்டும்? அதுதான் எனக்குள் ஓடியது.

அவர் தொடர்ந்து விளக்கினார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, வெளிக்கிடும் இடத்தில்தான் நேரம் போகிறது என்றார். நெல்மணியின் மேல் பின் டயர் சறுக்கிச் சுற்றுகிறது, சுற்றுகிற டயர் காரைத் தள்ளாது என்றார். புழுதி பறந்தது வேகத்தால் இல்லையாம், டயர் ஒரே இடத்தில் நின்று சுற்றியதாலாம். சீற்றைக் கழற்றியதாலும் டிக்கியைக் காலியாக்கியதாலும் பின்பக்கம் பாரமில்லாமல் போய்விட்டது, காற்று கூடியதால் டயர் தரையைப் பிடிக்கவில்லை, இப்படியே அடுக்கிக்கொண்டு போனார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு உச்சியில் ஏறியது.

“சீற்றப் பூட்டுங்க. டிக்கிக்குள்ள ரெண்டு மூட நெல்லப் போடுங்க. பின் டயர்ல கொஞ்சம் காத்தக் கொறைங்க. கிளச்ச மெல்லமா உடுங்க, காக்கா. வேற ஒண்டும் வேணா.”

ஓட்டப் போட்டிக்குப் போகிறவனைப் பார்த்து இரண்டு மூடை நெல்லை ஏற்றிக்கொண்டு போ என்கிறார்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் போனதும் என் மனைவியிடம் வெடித்தேன். என்னை ஊர் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், நெல் மூடை ஏற்றிய கார் ஓடுமா, வண்டிமாடுகூட நின்றுவிடும் என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“பொய் சொல்லி அவருக்கு என்ன லாபம்? ஒருக்காப் போட்டுத்தான் பாருங்களன்.”

தன் தங்கையின் புருஷனுக்காக என் பெண்சாதியே வக்காலத்து வாங்குகிறாள் என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. இரண்டு மூடை நெல் வீட்டிலேயே இருந்தது. பத்தடி தூக்கிக்கொண்டு போய் டிக்கிக்குள் வைத்திருந்தால் போதும். நான் வைக்கவில்லை. பொறாமைக்காரனுக்கு நல்ல புத்தி சொல்கிறவனைப் பார்த்தால் எதிரியைப் பார்த்த மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மாறாக, அடுத்த நாளே காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் விட்டேன். எஞ்சின் ஹெட்டைக் கழற்றி லேத்தில் போட்டுக் கொஞ்சம் சீவினால் இழுவை கூடும் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். அங்கிருந்த மெக்கானிக் பாஸ், இது பழைய எஞ்சின், சூடு தாங்காது அண்ணன் என்று தயங்கினார். நான்தான் சீவுங்கள் சீவுங்கள் என்று பக்கத்தில் நின்று பிடிவாதமாகச் சீவ வைத்தேன். அந்தக் கிழமை முழுக்க ஹயர் ஓடவில்லை. சகலன் மட்டும் காலையில் போய்ப் பின்னேரம் வந்தார். வந்து என் காருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சர்வீஸ் என்று சொல்லிவிட்டேன்.

ஹெட் சீவிய பிறகு கார் உண்மையிலேயே பாய்ந்தது. கடற்கரை றோட்டில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. தண்ணீர் சற்று அதிகமாகக் கொதித்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கால் மைல்தானே, அதற்குள் எங்கே கொதிக்கப் போகிறது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முடிவான ஓட்டம். போன முறையை விடக் கூட்டம். மாமா வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக முன்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பெருநாளுக்குப் பிறகு மறுபடியும் நெல் காயப்போட ஆரம்பித்திருந்தார்கள். கழகத்துப் பொடியன்கள் கூட்டிப் பெருக்கியும் றோட்டில் நெல்மணி கிடக்கத்தான் செய்தது.

எனக்கு முன்னர் சகலன் ஓடினார். ஓட்டத்துக்கு முன் டிக்கியைத் திறந்தார். உள்ளே இரண்டு மூடை நெல் இருந்தது. கயிறு போட்டு அசையாமல் கட்டியிருந்தார். எனக்கு என்ன சொன்னாரோ அதையே தனக்கும் செய்திருந்தார். சனம் பார்த்துச் சிரித்தது. நெல்லு விற்கப் போறீங்களா என்று ஒருவர் கேட்டார். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த நேரமாவது நான் இறங்கிப் போய் யாரிடமாவது ஒரு மூடை கேட்டிருக்கலாம். வயல் முழுக்க மூடைகள்தான் நின்றன. இத்தனை பேர் பார்க்க அவரைப் பார்த்துப் பழகியவன் ஆகிவிடுவேனே என்று ரோஷம். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய கார் சத்தமே இல்லாமல் வெளிக்கிட்டது. புழுதி இல்லை, அலறல் இல்லை. யாரும் கூவக்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் போகிற மாதிரிப் போனார்.

பிறகு நான். அலறல், புழுதி, கூச்சல் எல்லாம் வழக்கம்போல. இந்த முறை டயர் சுற்றுவது எனக்கே தெரிந்தது. எஞ்சினுக்குப் பலம் கூடியதால் சறுக்கலும் கூடிவிட்டது. கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நின்றது. முதல் கம்பத்தைத் தாண்டிய பிறகு அது பறந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் துண்டு கைக்கு வந்தபோது இந்த முறை நான் முதல் எண்ணைத்தான் பார்த்தேன். ஒன்பது. கடைசி எண் இருபத்தொன்பது. சகலனுக்கு அதே இருபத்தேழு.

மாமா எழுந்து வந்து சகலனின் தோளில் கை போட்டார். என்னைப் பார்க்காமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சி எனக்குத் தெரிந்தது. நான் கொதிக்கிற காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கல்யாண நாள் வந்தது. நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் மனைவி விடவில்லை. புதுச் சேட்டும் சாரனும் உடுத்திக்கொண்டு வெளியே வந்தால், சகலன் தன் காரைக் கழுவித் துடைத்து, முன்னால் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்து தன் காரின் திறப்பை என் கையில் வைத்தார்.

நான் திருப்பி நீட்டினேன். மாமா சொன்னதை மறந்துவிட்டீரா என்று கேட்டேன். அவர் வாங்கவில்லை.

“மாமா எந்தக் கார் எண்டுதான் சொன்ன. ஆரு ஓட்டுற எண்டு சொல்லல்லயே. மூத்தவர் நீங்க இரிக்கக்குள்ள நான் மாப்புள்ளயக் கூட்டிட்டு வாறது சரியில்ல, காக்கா. ஒங்கட காரத் தாங்க, நான் பொம்புளயள ஏத்திட்டுப் பின்னால வாறன்.”

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. நான் உடனே நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் வேகமாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு நாளும் நான் பொறாமைப்பட்ட அந்தக் காரில், வாங்கிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கால் பட்டது.

வளவைத் தாண்டி மெயின் றோட்டுக்கு ஏறி இரண்டாம் கியரைப் போட்டேன். கையை எடுத்ததும் கியர் துள்ளி வெளியே வந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி வெளியே வந்தது. கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நின்றது. ஸ்டேரிங் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடித்தது. எஞ்சினை என்ன மிதித்தாலும் என் காரின் பாதி இழுவைகூட இல்லை. சாய்ந்தமருது தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வாங்கின நாளில் நான் நல்லதைத்தான் எடுத்திருக்கிறேன்! எனக்குப் போக மிஞ்சியதைத்தான் அவர் எடுத்திருக்கிறார். ஒரு கையால் கியரை அமர்த்திக்கொண்டு, மற்றக் கையால் இடப்பக்கம் ஓடும் ஸ்டேரிங்கை வளைத்துப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் இரண்டு தடவையும் என்னை முந்தியிருக்கிறார். காலையில் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனதற்கும், ஒவ்வொரு நாளும் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டியதைத் தவிர வேறு மாயம் ஒன்றும் இருந்திருக்காது. இத்தனை காலத்தில் அந்தக் காரைப் பற்றி ஒரு குறையாவது அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என் காரைப் பற்றி நான் சொல்லாத குறை கிடையாது.

காரைதீவு றோட்டில் போகும்போது அந்தக் கலண்டர்த் துண்டு ஞாபகம் வந்தது. ஓடும்போது உங்கள் கார்தான் முந்தி வந்தது என்று அவர் எழுத்திலும் கணக்கிலும் காட்டினாரே. அதை நம்புவதற்கு எனக்கு அவருடைய காரை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

நிந்தவூரில் மாப்பிள்ளையை ஏற்றினேன். மரியாதைக்குக் குறைவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். திரும்பி வரும் வழியில்தான் பின்னால் வந்த என் கார் கொதிக்கத் தொடங்கியது. சீவிய ஹெட் தன் வேலையைக் காட்டியது. வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தால் அதன் முன்னால் புகை மாதிரி ஆவி. சகலன் நிறுத்தி இறங்குவார், ஏதோ ஒரு வளவுக்குள் ஓடுவார், வாளியில் தண்ணீரோடு வருவார், ஊற்றுவார், ஏறுவார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கூத்து. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனும் கார்களும் அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிரித்தார்கள். சின்ன மருமகனின் காருக்குத் தாகம் கூடிப்போய்விட்டது என்று என்னை நெருங்கி வந்த வேனிலிருந்து ஒருவர் உரக்கச் சொன்னது எனக்கே கேட்டது. இரண்டு காரும் ஒரே மாதிரி என்பதால் நிந்தவூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முன்னால் போவது மூத்தவரின் கார், பின்னால் கொதிப்பது இளையவரின் கார் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

மாமாவின் வாசலில் மாப்பிள்ளையை இறக்கினேன். எவ்வளவு நாள் ஆசைப்பட்ட தருணம். ஊர் முழுக்கப் பார்த்தது. மாமா என்னைப் பார்த்தார், கூடவே அந்தக் காரையும் பார்த்தார், அவருக்கு விஷயம் விளங்கியது. மாப்பிள்ளையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

சகலன் வந்து சேர்ந்தபோது கல்யாணச் சேட் முழுக்கத் தண்ணீரும் துருவுமாக இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில் மணிக்கட்டு சிவந்து பொங்கியிருந்தது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் நின்று அவரைப் பார்த்து, காரை மூத்தவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள் தம்பி, அவருடைய கார் எவ்வளவு சுகமாக வந்தது என்றார். சகலன் சிரித்துக்கொண்டு ஓம் என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

“கொதிக்கிற கார் என்ட. நான் ஓட்டிட்டு வந்ததுதான் இவர்ட.”

பெரியப்பா அதை நம்பவில்லை. பிறகு என் முதுகில் தட்டி, பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார், பாருங்கள், தம்பிக்குக் குறை வரக் கூடாது என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், மூத்த மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. நான் திரும்பிச் சகலனைப் பார்த்தேன். அவர் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, வெந்த மணிக்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கோணல் கிடையாது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

அந்த நேரம் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது, முன்னர் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. கார் மேல் இருந்த பொறாமை நிந்தவூருக்குப் போகும் வழியிலேயே செத்துவிட்டது, இது அந்த ஆள் மேல். ஓட்டை உடைசல் காரை வைத்துக்கொண்டு, கிடைத்த உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்தவனின் அவமானத்தையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதனால் எப்படிக் கிணற்றடியில் நின்று சிரிக்க முடிகிறது? அது மட்டும் எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

பிறகு நான் அவரிடமே உட்கார்ந்து கிளச் விடப் பழகினேன். என் காருக்கு வேறு ஹெட் தேடிப் போட்டோம், அவருடைய கியருக்கு நானும் கூடப் படுத்துக் கிடந்து வேலை செய்தேன். இரண்டு காரும் எப்போதோ கைமாறிப் போய்விட்டன. அவரைப் போல ஒரு நாளாவது இருந்துவிட வேண்டும் என்ற எரிச்சல் மட்டும் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது, அது கடைசிவரை அணையாமல் இருந்தால் எனக்கு நல்லது என்றுதான் நினைக்கிறேன்.